நன்றாக இருக்கும் நாயை எதற்கு டாக்டரிடம் காட்ட வேண்டும்?

எங்கள் வீட்டுக் கருப்பிக்கு அப்போது எட்டு வயது. நாட்டு நாய். அந்த வருடம் அக்னி நட்சத்திரத்தின்போது தண்ணீர்ச் சட்டியை வழக்கத்தைவிட அடிக்கடி காலி செய்தாள். வெயிலுக்குத்தான் குடிக்கிறாள் என்று நாங்களும் நிரப்பி நிரப்பி வைத்தோம். சாப்பாட்டில் குறையில்லை. வாசலில் யார் வந்தாலும் குரைப்பதிலும் குறையில்லை. வருடாந்திரத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் ரத்தமும் எடுத்துப் பார்த்தார். கிரியாட்டினின் 1.5 என்று வந்தது. நாய்க்கு இயல்பு என்று அந்தத் தாளில் அச்சிட்டிருந்த வரம்பு 0.5 முதல் 1.6 வரை. அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை. என்னிடம் விட்டிருந்தால் நார்மல் என்று மடித்துப் பையில் வைத்திருப்பேன்.

டாக்டர் போன வருடத் தாளைக் கேட்டார். அதில் 0.8.

கிரியாட்டினின் என்பது தசைகளிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவு. அதை வடிகட்டி வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் வேலை. நாயின் உடல்வாகு மாறாமல் இருக்கும்போது ரத்தத்தில் அந்த எண் இரு மடங்கானால், வடிகட்டும் திறன் முன்பு இருந்ததில் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது என்று பொருள். மறுநாள் காலைச் சிறுநீரைச் சோதித்தார்கள். அதன் அடர்த்தி 1.012. நல்ல நிலையில் உள்ள நாயின் சிறுநீரகம் தேவைப்படும்போது சிறுநீரை 1.030க்கு மேல் கெட்டியாக்கும். இவளுக்குத் தண்ணீராகவே வந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தும் அதே நிலைதான். தண்ணீர் நிறையக் குடித்ததால் அவளுக்குச் சிறுநீர் நிறையப் போகவில்லை. சிறுநீர் நிறையப் போனதால்தான் அவ்வளவு தண்ணீர் குடித்தாள்.

வருடாந்திரப் பரிசோதனை எதற்கு என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த இரண்டு தாள்கள்தான் நினைவுக்கு வரும். 1.5 என்ற எண் மட்டும் இருந்தால் அது எதையும் சொல்லாது. பக்கத்தில் 0.8 இருந்ததால்தான் அது பேசியது. உடம்பு நன்றாக இருந்த காலத்தில் எடுத்து வைத்த எண் இல்லையென்றால், உடம்பு கெடும்போது எதோடு ஒப்பிடுவது?

இதில் சிறுநீரகம் இன்னும் ஒரு படி மேலே போய் ஏமாற்றும். கிரியாட்டினின் அச்சிட்ட வரம்பைத் தாண்டுவதற்குள் சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போயிருக்கும். சிறுநீரைக் கெட்டியாக்கும் திறன் அதற்குச் சற்று முன்னால், மூன்றில் இரண்டு பங்கு போகும்போது குறையத் தொடங்கும். மீதியிருக்கும் பங்கு கூடுதலாக உழைத்து நாயைச் சாப்பிட வைக்கும், ஓட வைக்கும், வாலாட்ட வைக்கும். பார்க்கிற நமக்கு நாய் நன்றாகத்தான் தெரியும்.

பூனை இதைவிட அழுத்தம். வலி இருந்தால் கட்டிலுக்கு அடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ போய் அமைதியாகப் படுத்துக்கொள்ளும். குர்ர்ர் என்று சத்தம் போட்டால் சந்தோஷமாக இருக்கிறது என்று நினைப்போம், ஆனால் வலியிலும் பயத்திலும்கூடப் பூனை அப்படிச் சத்தம் போடுவதுண்டு.

முதலில் பேச்சு, அப்புறம் கை

பரிசோதனை என்றாலே ரத்தம் எடுப்பது, ஸ்கேன் எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பாதி வேலை அதற்கு முன்பே முடிந்துவிடும்.

முதலில் டாக்டர் கேள்வி கேட்பார். என்ன சாப்பிடுகிறது, எவ்வளவு குடிக்கிறது, மலம் எப்படி இருக்கிறது, இருமல் உண்டா, மாடிப்படி ஏறத் தயங்குகிறதா, உண்ணி இருந்ததா, வேறு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா. இதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது நல்லது. பாயசத்தில் கிடந்த உலர் திராட்சையைப் பாட்டி ஆசையாக ஊட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். திராட்சை நாயின் சிறுநீரகத்தைத் திடீரென்று செயலிழக்க வைக்கக்கூடியது. வெங்காயம் நாய்க்கும் பூனைக்கும் சிவப்பணுக்களை உடைக்கும், சாம்பார் சாதமும் குழம்பு ஊற்றிய சோறும் அதில் அடக்கம். காய்ச்சலாக இருக்கிறதே என்று வீட்டிலிருந்த பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுத்திருந்தால் பரிசோதனை நாள் வரை காத்திருக்கவே கூடாது, உடனே ஓட வேண்டும். மனிதருக்கான ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். தப்பாக நினைப்பாரோ என்று மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வாயில்லாத ஜீவனுக்காக அங்கே பேசப்போவது நாம் மட்டும்தான். நாம் விட்டுவிட்டால் அந்தத் தகவல் டாக்டருக்குக் கிடைக்கவே கிடைக்காது.

அடுத்தது எடை. இதைச் சடங்காக நினைக்க வேண்டாம். 5 கிலோ பூனை அரைக் கிலோ இளைத்தால், 60 கிலோ ஆள் 6 கிலோ இளைத்ததற்குச் சமம். ரோமத்துக்குள் அது கண்ணில் படாது, தராசில்தான் தெரியும். எடையோடு உடல்வாகையும் 1 முதல் 9 வரை மதிப்பிட்டு எழுதுவார்கள். நாய்க்கு 4 அல்லது 5 நல்லது. வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் கையை மேசைமேல் விரித்து வைத்து, அதன் புறங்கையை மறு கை விரல்களால் தடவிப் பாருங்கள். நாயின் விலா எலும்பு அப்படித் தட்டுப்பட்டால் சரியான எடை. முஷ்டியை மடக்கினால் விரல் முட்டிகள் துருத்துமே, அப்படி இருந்தால் மெலிவு. உள்ளங்கையைப் போல மெத்தென்று எலும்பே தெரியாவிட்டால் பருமன்.

பிறகு காய்ச்சல் பார்ப்பார். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. நாய்க்கு இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம்மைவிட எப்போதும் சூடுதான். அதனால் கை வைத்துப் பார்த்துக் கொதிக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பதிலும் உண்மை இல்லை. தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காய்ந்துதான் இருக்கும்.

வாயைத் திறந்து ஈறைப் பார்ப்பார். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளுத்து, 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளிறியிருந்தால் ரத்தசோகையை நினைக்க வேண்டும், மஞ்சளாக இருந்தால் காமாலையை. நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அப்போது கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கத்தைப் பார்க்கலாம். பற்களையும் அப்போதே பார்த்துவிடுவார். மூன்று வயதைத் தாண்டிய பெரும்பாலான நாய்களுக்குப் பல்லிலோ ஈறிலோ ஏதாவது ஒரு கோளாறு தொடங்கியிருக்கும். வாய் நாற்றத்தை நாய் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். அது பெரும்பாலும் ஈறு நோயின் வாசனை.

தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் என்று சில இடங்களை விரலால் உருட்டிப் பார்ப்பார். நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார். தொற்று இருந்தாலும் நெறி கட்டும், சில புற்றுநோய்களிலும் கட்டும். வயிற்றை இரு கையாலும் மெதுவாக அமுக்கி மண்ணீரல் பெருத்திருக்கிறதா, மூத்திரப்பை நிறைந்திருக்கிறதா, எங்காவது வலிக்கிறதா என்று தேடுவார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டே மறு கையால் தொடையின் உள்பக்கம் நாடி பிடிப்பார். நெஞ்சில் கேட்கும் ஒவ்வொரு துடிப்புக்கும் தொடையில் ஒரு நாடி வர வேண்டும். பூனை விடாமல் குர்ரிட்டுக்கொண்டே இருந்தால் இதயச் சத்தம் கேட்காது. ஒரு டாக்டர் பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் சத்தம் கேட்டதும் பூனை குர்ரை நிறுத்திவிட்டுக் காதைத் தூக்கியது. அந்த அரை நிமிடத்தில் கேட்டு முடித்துவிட்டார்.

ராஜபாளையம் குட்டி வாங்கியவர்கள் முதல் பரிசோதனையிலேயே காதைப் பற்றிக் கேளுங்கள். அந்த வெள்ளை இனத்தில் பிறவியிலேயே காது கேளாமை இருப்பது அறியப்பட்ட விஷயம். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை வீட்டில் கைதட்டிக் கண்டுபிடிப்பது கடினம்.

ரத்தமும் சிறுநீரும் மலமும்

கை சொன்னதற்கு மேல் தெரிய வேண்டுமென்றால் சோதனைகள். ரத்தத்தில் பொதுவாக இரண்டு வகை பார்ப்பார்கள். ஒன்று சி.பி.சி. எனப்படும் அணுக்களின் கணக்கு. சிவப்பணு குறைந்தால் ரத்தசோகை, வெள்ளையணு கூடினால் பெரும்பாலும் தொற்று அல்லது அழற்சி. தட்டணுக்கள், அதாவது டெங்கு சமயத்தில் எல்லோரும் பேசும் பிளேட்லெட், நாய்க்கு ஏறத்தாழ 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருக்கும். இன்னொன்று ரத்த வேதியியல். சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினினும் யூரியாவும், கல்லீரலுக்கு ஏ.எல்.டி., ஏ.எல்.பி. முதலான நொதிகளும், அப்புறம் சர்க்கரை, புரதம், உப்புச் சத்துகள்.

சிறுநீர்ச் சோதனையைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. செலவு குறைவு, ஊசி தேவையில்லை, ஆனால் கருப்பியின் விஷயத்தில் சந்தேகத்தை உறுதி செய்தது அதுதான். ரத்தத்தில் கிரியாட்டினினை மட்டும் பார்த்துச் சிறுநீரைப் பார்க்காமல் விட்டால், அந்தக் கணக்கில் பாதி எழுதாமலே நிற்கும். காலையில் முதல் முறை போகும்போது சுத்தமான கரண்டியையோ ஆழமில்லாத கிண்ணத்தையோ நீட்டிப் பிடித்து, மூடியுள்ள புட்டியில் ஊற்றிக் கொண்டுபோனால் போதும். உடனே போக முடியாவிட்டால் சில மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கலாம்.

மலத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் குடற்புழு முட்டைகள் தெரியும். கொக்கிப்புழு குட்டி நாயின் ரத்தத்தை உறிஞ்சியே ஈறை வெளுக்க வைத்துவிடும். ஆசனவாய்ப் பக்கம் வெள்ளரி விதை போல, காய்ந்தால் அரிசி போல, ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. அந்த வகை பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி மூலம் வருவது. ஆகவே குடற்புழு மருந்து மட்டும் கொடுத்துத் தெள்ளை விட்டுவிட்டால் மறுபடியும் வரும்.

எக்ஸ்ரேயா, ஸ்கேனா என்ற குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. எலும்பு, மூட்டு, நுரையீரல், விழுங்கிய காசு இதற்கெல்லாம் எக்ஸ்ரே. நீரும் சதையுமான உறுப்புகளின் உள்ளே பார்க்க ஸ்கேன், அதாவது அல்ட்ராசவுண்ட். ஒரு உதாரணம் சொல்கிறேன். கருத்தடை செய்யாத பெண் நாய், பருவத்துக்கு வந்து ஒன்றிரண்டு மாதம் கழித்துச் சோர்ந்து, சாப்பிடாமல், தண்ணீர் மட்டும் அதிகமாகக் குடிக்கிறது என்றால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். வெளியே வடியும் வகையில் துர்நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். வடியாத வகைதான் கொடியது. அதை ஸ்கேன் ஐந்து நிமிடத்தில் காட்டும், பெரும்பாலும் அன்றைக்கே அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டியிருக்கும்.

தாளை எப்படிப் படிப்பது

இயல்பு வரம்பு என்று அச்சிட்டிருப்பது ஆரோக்கியமான விலங்குகளில் 100க்கு 95 எந்த எண்களுக்குள் வருகின்றன என்பதுதான். மீதி 5 விலங்குகளும் ஆரோக்கியமானவையே, ஆனால் கோட்டுக்கு வெளியே நிற்கும். ஆகவே 20 அளவுகள் பார்த்தால் ஏதோ ஒன்று கோட்டைத் தாண்டுவது சாதாரணம். அதைப் பார்த்துப் பதறி, இரவெல்லாம் செல்போனில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அதேபோல எல்லாம் கோட்டுக்குள் இருக்கிறது என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. கருப்பியின் 1.5 கோட்டுக்குள்தான் இருந்தது.

பூனையின் சர்க்கரை இதற்கு நல்ல பாடம். கூடைக்குள் அடைத்து, ஆட்டோவில் குலுங்கி, நாய்கள் குரைக்கும் வரிசையில் உட்கார்ந்து, ஊசியையும் பார்த்த பூனைக்கு, சர்க்கரை நோய் இல்லாமலேயே ரத்தத்தில் சர்க்கரை 200ஐத் தாண்டிவிடும். வெறும் பயத்தால். அதனால் ஒரே எண்ணை வைத்துச் சர்க்கரை நோய் என்று முடிவு செய்யமாட்டார்கள். கடந்த இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமின் என்ற சோதனை இருக்கிறது. சிறுநீரிலும் சர்க்கரை இறங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

பூனையின் தட்டணுக்களும் ஏமாற்றும். அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும், அளவிலும் பெரியவை. எண்ணும் இயந்திரம் அவற்றைத் தவறவிட்டு, தட்டணு மிகக் குறைவு என்று அச்சடித்துத் தரும். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி ரத்தத்தைத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் உண்மை தெரியும். மனிதர்களுக்கான லேபில் நாய், பூனை ரத்தத்தைக் கொடுப்பதில் உள்ள சிக்கலும் இதுதான். பூனையின் சிவப்பணு நம்முடையதைவிடச் சிறியது, அந்த இயந்திரம் நம் அணுக்களின் அளவுக்குப் பழக்கப்பட்டது. தாளில் அச்சாகும் வரம்பும் மனிதருக்கானது. வேறு வழியில்லாத ஊரில் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். அப்போது தாளில் உள்ள வரம்பைப் பார்க்காமல் டாக்டரிடம் எண்ணைக் காட்டுங்கள்.

இன்னொன்று, முடிந்தவரை வருடா வருடம் ஒரே லேபில் எடுங்கள். லேபுக்கு லேப் இயந்திரமும் வரம்பும் மாறும். ஒப்பிடத்தான் இவ்வளவு பாடு என்றால், ஒப்பிடும் அளவுகோலும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா?

உண்ணிக் காய்ச்சல்

நம் ஊரில் நாய் வளர்ப்பவர்கள் ஒரே ஒரு நோயைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள நேரம் உண்டு என்றால், ரேபிஸுக்கு அடுத்து நான் இதைத்தான் சொல்வேன். நாயைக் கடிக்கும் பழுப்பு நிற உண்ணிக்கு நம் வெயிலும் வீடும் மிகவும் பிடிக்கும். குஞ்சு, இளம்பருவம், வளர்ந்த உண்ணி என்று ஒவ்வொரு பருவத்திலும் ஒரு முறை நாயின்மேல் ஏறி ரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். மீதிக் காலமெல்லாம் சுவர் வெடிப்பிலும் கதவுச் சட்டத்திலும்தான் வாசம். பெண் உண்ணி அங்கே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயின் மேலிருந்து பத்து உண்ணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று இருக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

அந்த உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்ற பாக்டீரியாவும், பபீசியா என்ற ஒட்டுண்ணியும் ரத்தத்தில் இறங்கலாம். பபீசியா சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும். ஈறு வெளுக்கும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகலாம். எர்லிக்கியா வெள்ளையணுக்களுக்குள் குடியேறி, தட்டணுக்களைக் குறைக்கும்.

எர்லிக்கியாவுக்கு மூன்று கட்டங்கள் உண்டு. கடித்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், சோர்வு, சாப்பிடாமை. இரண்டு மூன்று வாரத்தில் பல நாய்களுக்கு அது தானாகவே தணிந்ததுபோல் ஆகிவிடும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாவார்கள். ஆனால் கிருமி பல நேரங்களில் மண்ணீரலில் ஒளிந்துகொண்டிருக்கும். இந்த இரண்டாம் கட்டம் மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில் நீடிக்கும். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. சில நாய்கள் அதிலேயே தேறிவிடும். சில மூன்றாம் கட்டத்துக்குப் போகும். எலும்பு மஜ்ஜை ஓய்ந்து, மூக்கில் ரத்தம் வடிந்து, எந்த மருந்துக்கும் பிடிகொடுக்காத நிலை அது.

இரண்டாம் கட்டத்தில் இருக்கும் நாயைப் பார்த்தால் யாருக்கும் நோய் என்று தோன்றாது. சி.பி.சி.யில் தட்டணு சற்றுக் குறைந்து, 1.3 லட்சம், 1.5 லட்சம் என்று நிற்கும், பல நேரம் அது ஒன்றுதான் தடயம். போன வருடம் 3 லட்சம் என்று இருந்த தாள் கையில் இருந்தால் டாக்டர் உடனே நிமிர்ந்து உட்கார்வார். ரத்தத் தகடு பார்ப்பார், விரைவுச் சோதனை அட்டையோ பி.சி.ஆரோ எழுதுவார். விரைவுச் சோதனை அட்டை, கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைத்தான் காட்டும். குணமாகிப் பல மாதம் கழிந்தும் அதில் பாசிடிவ் வரலாம். பி.சி.ஆர். கிருமியின் மரபுப்பொருளையே தேடுவது.

மருந்தை நான்கு வாரம் என்று எழுதிக்கொடுத்தால் நான்கு வாரமும் கொடுங்கள். மூன்றாம் நாளே நாய் எழுந்து சாப்பிடும். அதோடு நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். முடிந்த பிறகு மறுபடி ஒரு சி.பி.சி. எடுத்துத் தட்டணு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும் சிகிச்சையின் பகுதிதான்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை

குட்டியாக இருக்கும்போது தடுப்பூசிக்காக மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை போகத்தான் வேண்டும், ஒவ்வொரு முறையும் எடையும் இதயமும் பார்த்துவிடுவார்கள். வளர்ந்த பிறகு வருடத்துக்கு ஒன்று. ஏழு வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒன்று. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய உடம்புக்காரர்கள் சீக்கிரமே முதுமையடைவதால் அதை ஒன்றிரண்டு வயது முன்னாலேயே தொடங்கலாம். ஒரு நாயின் ஒரு வருடம் நம் வாழ்க்கையில் பல வருடம் என்பதை நினைத்தால் ஆறு மாதம் ஒன்றும் அடிக்கடி இல்லை.

தடுப்பூசிக்கான நாளையே பரிசோதனை நாளாக வைத்துக்கொள்வது சுலபம். ரேபிஸ் ஊசியைப் பற்றி மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய்கள் மூலமாகத்தான் வருகிறது, அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழியில்லை. ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினம். 1885இல் அதே நாளில்தான் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக ரேபிஸ் தடுப்பூசி செலுத்தச் செய்தார். அந்த நாளை ஒட்டிப் பல ஊர்க் கால்நடை மருத்துவமனைகளில் இலவச ரேபிஸ் ஊசி முகாம் நடக்கும். மழைக்காலத்துக்கு முன் எலிக்காய்ச்சல் தடுப்பூசி விட்டுப்போகாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். தேங்கிய நீரில் எலி மூத்திரம் கலந்து நாய்க்கு வந்தால், நாயின் சிறுநீர் மூலம் வீட்டில் உள்ளவர்களுக்கும் வரக்கூடியது அது.

பணத்தை நினைத்துத் தயங்குபவர்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தை மறந்துவிடக் கூடாது. மாட்டாஸ்பத்திரி என்று நாம் சொல்லிப் பழகிவிட்டதால் அங்கே நாயையும் பூனையையும் பார்ப்பார்கள் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. சென்னையில் வேப்பேரியில் 1903இல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. கல்லூரி மருத்துவமனைகளில் காலையில் கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். ஆனால் ரத்தச் சோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவை சிகிச்சை எல்லாம் ஒரே வளாகத்துக்குள் கிடைப்பது பெரிய வசதி.

போகிற அன்றைக்கு

ரத்தம் எடுப்பதாக இருந்தால் வளர்ந்த நாய்க்கு முந்தின இரவுச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வார்கள். சாப்பிட்டவுடன் எடுத்தால் ரத்தத்தில் கொழுப்பு மிதந்து சில அளவுகளைக் குழப்பும். தண்ணீரை நிறுத்தக் கூடாது. குட்டிகளையும் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கும் நாயையும் டாக்டரைக் கேட்காமல் பட்டினி போடவே கூடாது.

இருமல், நொண்டல், வலிப்பு போன்றவை டாக்டர் முன்னால் வரவே வராது. வீட்டில் வரும்போதே செல்போனில் எடுத்து வையுங்கள். நாய் அசந்து தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை விலா ஏறி இறங்குகிறது என்று எண்ணி வையுங்கள். 30க்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து அதற்கு மேல் போனால் இதயத்தையோ நுரையீரலையோ பார்க்க வேண்டிய நேரம். எவ்வளவு குடிக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் அளந்து ஊற்றி, மறுநாள் மீதியை அளந்து கழியுங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 100 மில்லிக்கு மேல் என்றால் அதிகம். கருப்பி 18 கிலோ. அந்தச் சித்திரையில் நான் அளந்திருந்தால் 1.8 லிட்டரைத் தாண்டுகிறதா என்பது அன்றே தெரிந்திருக்கும்.

ஆண் பூனை மூத்திரம் போக முக்கி முக்கி உட்கார்ந்து, சொட்டுக்கூட வராமல் எழுந்தால், அது வருடாந்திரப் பரிசோதனைக்குக் காத்திருக்கும் விஷயம் இல்லை. அடைப்பு இருந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

பூனைக்கான கூடையை ஒரு வாரம் முன்னாலேயே கூடத்தில் திறந்து வைத்து, உள்ளே அதன் பழைய துணியைப் போட்டுவிடுங்கள். அதுவாகப் போய்ப் படுத்துப் பழகியிருக்கும். கிளம்பும்போது மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினால் வழியில் கத்தல் குறையும்.

கருப்பிக்கு அதன்பிறகு சிறுநீரகத்துக்கு ஏற்ற உணவு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் என்று ஆனது. இப்போது அவளுக்குப் பதினொன்று நடக்கிறது. மளிகைக் கணக்கு எழுதும் நீளநோட்டு ஒன்று அவளுக்கென்று இருக்கிறது. தேதி, எடை, கிரியாட்டினின், சிறுநீர் அடர்த்தி, தட்டணு என்று கோடு போட்ட ஐந்து கட்டங்கள். போன மாதம் எடை 17.2. அம்மா அதை எழுதிவிட்டு, அதற்கு முந்தின வரியையும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டார்.